மீடியா பிசியை டொமைனில் சேர்க்கலாமா, வெளியிலேயே விடலாமா?

வீட்டில் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி (கம்ப்யூட்டர்களையும் பயனர் கணக்குகளையும் டொமைன் என்ற ஒரே குழுவாக நிர்வகிக்கும் அமைப்பு) ஓடிக்கொண்டிருந்தால், புதிதாக வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்துவிடத்தான் கை போகும். அந்த டைரக்டரி பழைய சர்வரில் இருக்கலாம், நாஸ் பெட்டிக்குள் (நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) அதே வேலையைச் செய்யும் சாம்பா மென்பொருளாகவும் இருக்கலாம். மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அது சரிதான். டிவியோடு இணைந்திருக்கும் மீடியா பிசிக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். யார் உள்ளே வருகிறார் என்று விசாரிப்பதற்காகவே டொமைன் இருக்கிறது. மீடியா பிசியிலோ யாரும் பாஸ்வேர்டு அடிக்கப் போவதில்லை. ரிமோட்டை அழுத்தினால் படம் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

டொமைனே இல்லாத வீட்டில் இந்த ஒரு பெட்டிக்காக டொமைன் அமைக்க வேண்டாம். அதில் விவாதிக்க எதுவும் இல்லை. டொமைன் இருக்கிற வீட்டுக்கு நான்கு வழிகள் உண்டு: பெட்டியை முழுதாக டொமைனில் சேர்ப்பது; ஒர்க்குரூப்பிலேயே (டொமைனில் சேராத சாதாரண நிலை) விட்டு ஒரு டொமைன் கணக்கின் பாஸ்வேர்டை அதில் சேமித்து வைப்பது; நாஸிலேயே தனி லோக்கல் கணக்கு திறந்து அதைப் பயன்படுத்துவது; ஷேர் (நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர்) பக்கமே போகாமல் ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் வழியாகப் பார்ப்பது.

முதலில் எடிஷனைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஹோம் எடிஷன்களை டொமைனில் சேர்க்க முடியாது. ப்ரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் வேண்டும். இந்த இழுபறி புதிதல்ல. மீடியா சென்டர் இருந்த விஸ்டா ஹோம் ப்ரீமியமும், விண்டோஸ் 7 ஹோம் ப்ரீமியமும் டொமைனில் சேராது. சேர வேண்டுமென்றால் விஸ்டாவில் அல்டிமேட், 7-இல் ப்ரொஃபெஷனல் அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-இல் மீடியா சென்டரே போய்விட்டது. ஹோம்குரூப் 1803 பதிப்போடு போனது. ஹோம் எடிஷன் வைத்திருப்பவர், டொமைனுக்காக மட்டும் ப்ரோ லைசென்ஸ் வாங்குவது வீண் செலவு. அவர் இரண்டாவது வழியிலிருந்து படிக்கலாம். கோடி (Kodi) என்ற மீடியா பிளேயருக்கென்றே செய்த லிப்ரெஎலெக் போன்ற லினக்ஸ் வைத்திருப்பவருக்கும் அப்படியே.

முழுதாகச் சேர்ப்பது: என்ன கிடைக்கிறது

ஷேரில் இருக்கும் படங்களைத் திறப்பதற்காக டொமைனில் சேர்க்கிறேன் என்றால் அது போதுமான காரணம் இல்லை. அது மற்ற வழிகளிலும் நடக்கும். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது.

மீடியா பிசியில் ஏதாவது ஒரு புரோகிராம் விண்டோஸ் சர்வீஸாகப் பின்னணியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெல்லிஃபின் சர்வர், டிவி ரெகார்டிங் மென்பொருள், இரவில் ஃபைல்களை நாஸுக்கு நகர்த்தும் கருவி, எதுவானாலும் சரி. அது லோக்கல் சிஸ்டம் அல்லது நெட்வொர்க் சர்வீஸ் கணக்கில் ஓடினால், டொமைனில் சேர்ந்த பெட்டியில் அது வெளியே போகும்போது அந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக் கணக்காகப் போகும். பெட்டியின் பெயர் மீடியாபிசி என்றால் கணக்கின் பெயர் கடைசியில் டாலர் குறியோடு மீடியாபிசி$. அந்தக் கணக்குக்கு ஷேர் அனுமதி, என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கிலுள்ள ஃபைல்களுக்கான) அனுமதி இரண்டையும் கொடுத்தால் முடிந்தது. யாரும் பாஸ்வேர்டு எழுதி வைக்க வேண்டாம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை விண்டோஸே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். ஒர்க்குரூப்பில் இதே சர்வீஸ் நெட்வொர்க்கில் பெயரில்லாமல் போய் நிற்கும், நாஸ் கதவைச் சாத்திவிடும். அங்கே சர்வீஸை ஒரு பெயருள்ள கணக்கில் ஓட்டி, அதே பெயரையும் பாஸ்வேர்டையும் நாஸிலும் வைத்தாக வேண்டும்.

அடுத்த லாபம் குரூப் பாலிசி. அப்டேட் நேரம், ஃபயர்வால் விதிகள், பவர் அமைப்புகள் எல்லாவற்றையும் சோஃபாவிலிருந்து எழுந்து வராமலே மாற்றலாம். பத்துப் பெட்டி இருக்கும் வீட்டில் இது பெரிய விஷயம். இரண்டே பெட்டி இருக்கும் வீட்டில் அவ்வளவு இல்லை.

முழுதாகச் சேர்ப்பது: எங்கே இடிக்கிறது

முதல் இடி ஆட்டோ லாகின். டொமைனில் சேர்ந்ததும் நெட்பிஎல்விஸ் (netplwiz) என்ற பயனர் கணக்குத் திரையில் இருந்த, பாஸ்வேர்டு கேட்கலாமா என்ற டிக் பெட்டி மறைந்துவிடும். ஆட்டோ லாகின் போய்விட்டது என்று பலர் நினைப்பது இதனால்தான். போகவில்லை. சிஸ்இன்டர்னல்ஸ் தரும் ஆட்டோலாகான் கருவியில் பயனர் பெயர், டொமைன், பாஸ்வேர்டு மூன்றையும் கொடுத்தால் வேலை செய்யும். ரெஜிஸ்ட்ரியில் வின்லாகான் கீழ் கையாலேயே எழுதலாம், ஆனால் அங்கே பாஸ்வேர்டு அப்படியே வாசிக்கும்படி கிடக்கும். கருவி அதை என்கிரிப்ட் செய்து வைக்கிறது. அட்மின் உரிமை உள்ளவர் அதையும் எடுத்துவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். லாகினுக்கு முன் எச்சரிக்கை வாசகம் காட்டும் பாலிசி டொமைனில் இருந்தால், ஆட்டோ லாகின் அந்த வாசகத்தில் ஓகே அழுத்தும் வரை நின்றுவிடும்.

இரண்டாவது இடி உடனே தெரியாது, ஆறு வாரம் கழித்து வரும். புது டொமைனின் டிஃபால்ட் பாலிசியில் பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். எல்லாம் அருமையாக ஓடிக்கொண்டிருக்கும். 43-ஆம் நாள் டிவியில் "பாஸ்வேர்டை மாற்றவும்" என்ற திரை வந்து நிற்கும். ரிமோட்டில் அதற்குப் பட்டன் இல்லை. ஆகவே மீடியா பிசிக்கென்று தனிக் கணக்கு திறந்து, அதன் பாஸ்வேர்டு காலாவதி ஆகாது என்று குறித்துவிட வேண்டும். கணக்கைத் திறந்த கையோடு செய்யாவிட்டால் பிறகு நினைவுக்கு வராது.

அந்தக் கணக்கு எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. டொமைன் யூசர்ஸ் குழுவோடு, மீடியா ஷேருக்குப் படிக்க மட்டும் உரிமை தரும் இன்னொரு குழு போதும். பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடக்கும் பெட்டி இது. வீட்டுக்கு வருகிற யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்காக உட்காரலாம். அதில் உங்கள் சொந்தக் கணக்கை ஆட்டோ லாகினில் வைத்தால், உங்கள் டாக்குமென்ட்ஸ், பேக்கப், எல்லாம் டிவி முன்னால் திறந்து கிடக்கும். டொமைன் அட்மின் கணக்கில் அந்தப் பெட்டிக்குள் ஒருமுறைகூட லாகின் ஆகாதீர்கள்.

மூன்றாவது ஃபயர்வால். இதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சேர்ப்பதற்கு முன் உங்கள் நெட்வொர்க் ப்ரைவேட் என்ற வகையில் இருந்தது. கோடியின் வெப் சர்வர் 8080, 9090 டிசிபி போர்ட், ரிமோட் ஆப்புக்கான 9777 யுடிபி போர்ட், எல்லாவற்றுக்கும் ப்ரைவேட் வகையில்தான் அனுமதி கொடுத்திருப்பீர்கள். சேர்ந்ததும் நெட்வொர்க் டொமைன் வகைக்கு மாறிவிடும். பழைய அனுமதிகள் அங்கே செல்லாது. படம் ஓடும், போனிலுள்ள ரிமோட் ஆப் மட்டும் செத்துப்போகும். ஆப்பில் கோளாறு என்று நினைத்து அதை அழித்து மறுபடி போடுவார்கள், பயனிருக்காது. விதியைத் திறந்து டொமைன், ப்ரைவேட் இரண்டையும் டிக் செய்து, எல்லையை லோக்கல் சப்நெட் என்று சுருக்குங்கள். இரண்டும் வேண்டும், ஏனென்றால் டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) அணைந்திருக்கும் நேரத்தில் பெட்டி எழுந்தால், நெட்வொர்க் டொமைன் வகையாக அடையாளம் காணப்படாது. ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யாத ரிமோட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்காவது ப்ரொஃபைல். டொமைன் கணக்கில் முதல் லாகின் என்றால் புத்தம் புதிய ப்ரொஃபைல். கோடியின் லைப்ரரி, ஸ்கின், ஆட்-ஆன் எல்லாம் பழைய லோக்கல் கணக்கின் ஆப்டேட்டா, ரோமிங், கோடி ஃபோல்டரிலேயே இருக்கும். கோடியை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாகப் புதுக் கணக்கின் அதே இடத்துக்கு நகலெடுத்தால் வந்துவிடும். அந்த வழியில் ரோமிங் என்ற பெயர் இருப்பதைக் கவனியுங்கள். டொமைனில் ரோமிங் ப்ரொஃபைல் வைத்திருந்தால், கோடியின் தம்ப்நெயில் ஃபோல்டர் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்வரும். பெரிய லைப்ரரியில் அது சில ஜிபி வரை வளரும். பெட்டியை அணைக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். இந்தக் கணக்குக்கு ரோமிங் ப்ரொஃபைலே வேண்டாம்.

பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சேரும்போது வரும் பிழைகளில் பெரும்பங்கு இதுதான். பெட்டியின் டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலரைக் காட்ட வேண்டும். ரவுட்டரைக் காட்டினால் "டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று வரும். முதல் டிஎன்எஸ் கன்ட்ரோலர், இரண்டாவது ரவுட்டர் என்று வைப்பதும் சரியில்லை. முதலாவது ஒரு கணம் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவும். தாவினால் அங்கேயே தங்கிவிடும். அப்புறம் டொமைன் பெயர்கள் எதுவும் கிடைக்காது. பை-ஹோல் (விளம்பரங்களைத் தடுக்கும் வீட்டு டிஎன்எஸ் சர்வர்) வைத்திருப்பவர்கள் டொமைன் பெயருக்கான கேள்விகளை மட்டும் கன்ட்ரோலருக்குத் திருப்பிவிட்டால், பெட்டியை பை-ஹோலிடமே விடலாம். நேரமும் முக்கியம்: டொமைனின் அடையாளச் சோதனை முறையான கெர்பரோஸ் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. மதர்போர்டு பேட்டரி செத்த பழைய பெட்டி இங்கே மாட்டிக்கொள்ளும்.

சேர்ப்பதாக முடிவு செய்தால் வரிசை

முதலில் பெட்டியில் ஒரு லோக்கல் அட்மின் கணக்கு இருக்கிறதா, அதன் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று உள்ளே போய்ப் பாருங்கள். விண்டோஸோடு வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு பொதுவாக முடக்கப்பட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். பிறகு பெட்டிக்கு 15 எழுத்துக்குள் பெயர் வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டைரக்டரியில் மீடியா பிசிக்கென்று தனி ஓயூ (பாலிசியை இணைக்கக்கூடிய பிரிவு) உருவாக்கி, கம்ப்யூட்டர் கணக்கை அதற்குள் முன்கூட்டியே திறந்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் சேர்த்தால் அது டைரக்டரிக்குள் கம்ப்யூட்டர்ஸ் என்ற பொது இடத்தில் போய் விழும். அது ஓயூ இல்லை, அதில் பாலிசியை இணைக்கவே முடியாது. ஒரு எச்சரிக்கை: 2022 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு, ஒருவர் திறந்த கம்ப்யூட்டர் கணக்கை வேறொரு சாதாரணப் பயனர் பயன்படுத்திச் சேர்க்க முயன்றால் விண்டோஸ் மறுத்துவிடும். கணக்கைத் திறந்தவர் பெயரிலேயே சேருங்கள்.

அந்த ஓயூவுக்குள் ஒரே ஒரு பாலிசி போதும். செயலற்றிருந்தால் திரையைப் பூட்டும் நேரம் 0. தூக்கத்திலிருந்து எழும்போது பாஸ்வேர்டு வேண்டாம். மேலே சொன்ன ஃபயர்வால் விதிகள். அப்டேட் ரீஸ்டார்ட் படம் பார்க்காத நேரத்தில். லாகினுக்கு முன் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசி மேலிருந்து வந்தால் இங்கே அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பெட்டி எழ நேரமெடுக்கும்.

டிரைவ் எழுத்துகளை மறந்துவிடுங்கள். ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் இசட் டிரைவில் சிவப்புக் குறி விழுவதும், சர்வீஸ்களுக்கு அந்த டிரைவ் கண்ணிலேயே படாததும் பழைய கதை. கோடியிலும் மற்றவற்றிலும் சர்வர் பெயரோடு தொடங்கும் முழு முகவரி கொடுங்கள். பெயரைத்தான் கொடுக்க வேண்டும், ஐபி எண்ணை அல்ல. எண் கொடுத்தால் கெர்பரோஸ் விலகி, பழைய சோதனை முறையான என்டிஎல்எம் வந்துவிடும், சேர்ந்ததன் பயனில் பாதி போய்விடும்.

இரண்டாவது வழி: வெளியே இருந்துகொண்டே டொமைன் கணக்கு

நடைமுறையில் அதிகம் பேருக்குப் பொருந்துவது இந்த இரண்டாவதோ அடுத்து வரும் மூன்றாவதோதான். பெட்டி ஒர்க்குரூப்பிலேயே, லோக்கல் கணக்கின் ஆட்டோ லாகினோடு இருக்கும். அந்தக் கணக்கின் கிரெடென்ஷியல் மேனேஜரில், விண்டோஸ் கிரெடென்ஷியல் பகுதியில், நாஸின் பெயரைக் கொடுத்து, டொமைன் பெயரோடு சேர்த்துப் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை பதிந்துவிட வேண்டும். அதன்பின் கேட்காது. டிஎன்எஸ் எங்கே காட்டினாலும் கவலையில்லை, நாஸின் பெயர் கிடைத்தால் போதும். ஃபயர்வால், ப்ரொஃபைல், பாலிசி எதுவும் மாறாது. ஹோம் எடிஷனிலும் நடக்கும்.

மாட்டக்கூடிய இடங்கள் மூன்று. சேமித்தது அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான். சர்வீஸாக ஓடும் புரோகிராமுக்கு அது தெரியாது. 42 நாள் கணக்கு இங்கேயும் உண்டு, ஆனால் திரையில் எதுவும் வராது. படங்கள் மட்டும் திறக்காது. அத்தோடு, சேமித்த பாஸ்வேர்டு தவறானதாக இருந்து, டொமைனில் லாக்அவுட் பாலிசியும் (தவறான பாஸ்வேர்டு பலமுறை வந்தால் கணக்கைப் பூட்டுவது) வைத்திருந்தால், கோடியின் தொடர் முயற்சிகளே கணக்கைப் பூட்டிவிடலாம். கடைசியாக, ஒரே நாஸுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் போக முயன்றால் விண்டோஸ் 1219 என்ற பிழையைத் தரும். பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது வழி: நாஸில் தனிக் கணக்கு

இதில் டொமைனுக்கு வேலையே இல்லை. நாஸிலேயே, படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு லோக்கல் கணக்கு; அதன் பாஸ்வேர்டு கிரெடென்ஷியல் மேனேஜரில். பெட்டியில் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் கணக்கு இருந்தால் அதைச் சேமிக்கக்கூட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பின் எண் அடித்து லாகின் ஆகிறவர்களுக்கு இந்தக் கடைசி வசதி கிடைக்காது. பின் எண் அந்தப் பெட்டியைத் தாண்டிச் செல்லாது.

முதல் இரண்டு வழிகளும் தராத ஒன்று இதில் இருக்கிறது. நாஸ் டொமைனில் சேர்ந்திருந்து, டொமைன் கன்ட்ரோலர் படுத்துவிட்டது என்று வையுங்கள். சேர்ந்த பெட்டியில் லாகின் நடக்கும், ஏனென்றால் விண்டோஸ் கடைசியாக வந்த 10 கணக்குகளின் விவரத்தை உள்ளேயே வைத்திருக்கும். ஆனால் படம் வேறு கதை. கையிலுள்ள கெர்பரோஸ் டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். அது தீர்ந்ததும் நாஸ் உங்களைச் சரிபார்க்க ஆளைத் தேடும், ஆள் இல்லை. சேமித்த டொமைன் பாஸ்வேர்டுக்கும் அதே கதிதான். நாஸின் லோக்கல் கணக்குக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கன்ட்ரோலர் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமல்ல. முழுதாகச் சேர்ந்த பெட்டியிலும் மீடியா ஷேருக்கு மட்டும் இந்த லோக்கல் கணக்கைச் சேமித்து வைக்கலாம், தடையில்லை.

பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் ஷேராக விட்டால் இன்னும் எளிதாயிற்றே என்று கேட்கலாம். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து கெஸ்ட் நுழைவு டிஃபால்ட்டாக மூடப்பட்டு, ஷேருக்கான எஸ்எம்பி நெறிமுறையில் சைனிங்கும் (தகவலில் கையொப்பமிடுவது) கட்டாயமாகிவிட்டது. கெஸ்டுக்குக் கையொப்பமிட சாவியே கிடையாது, ஆகவே அப்டேட்டுக்கு மறுநாள் படங்கள் காணாமல் போகும். பாலிசியைத் தளர்த்துவதைவிட ஒரு கணக்கு திறப்பது சுலபம்.

நான்காவது: ஷேரையே விட்டுவிடுவது

நாஸிலோ சர்வரிலோ ஜெல்லிஃபின் ஓட்டி, டிவி பெட்டியில் அதன் க்ளையன்ட் மட்டும் வைத்தால், பெட்டிக்குத் தேவை 8096 என்ற ஒரே போர்ட். ப்ளெக்ஸ் என்றால் 32400. எஸ்எம்பி, கெர்பரோஸ், டிரைவ் எதுவும் வேண்டாம். லிப்ரெஎலெக் போட்ட சின்னப் பெட்டிகூடப் போதும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பார்வை வரலாறு வேண்டும் என்பதற்காக டொமைனை நினைத்தவர்கள் இங்கேதான் வர வேண்டும். விண்டோஸ் லாகின் அதைத் தராது, ஜெல்லிஃபின் தரும். டைரக்டரியோடு பேசும் அதன் எல்டிஏபி ப்ளகினைப் போட்டால் டொமைன் பாஸ்வேர்டிலேயே உள்ளே வரலாம். விலை என்னவென்றால், சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்; க்ளையன்டுக்குப் பிடிக்காத கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வந்தால் சர்வர் உட்கார்ந்து மாற்றித் தர வேண்டும், பலவீனமான நாஸ் 4கே படத்தில் திணறும்.

தேர்வு இப்படித்தான் அமையும். பெட்டியில் நாஸைத் தொடும் சர்வீஸ் ஓடுகிறது அல்லது நிறையப் பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிறீர்கள் என்றால் சேருங்கள். வெறும் படம் பார்க்க என்றால் மூன்றாவது. நாஸில் லோக்கல் கணக்கு திறக்க விருப்பமில்லை, எல்லாம் டைரக்டரியில்தான் இருக்க வேண்டும் என்றால் இரண்டாவது. கணக்குகளை மனிதர்கள் வாரியாகப் பிரிக்க என்றால் நான்காவது.

சேர்ந்தபின் மனம் மாறினால், வெளியே வருவதும் எளிதுதான், வரிசை தவறாத வரை. கோடி ஃபோல்டரை முதலில் வெளியே நகலெடுங்கள். லோக்கல் அட்மினாக ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஆட்டோலாகானில் டிஸேபிள் அழுத்துங்கள், டிஎன்எஸ்ஸைப் பழையபடி ஆக்குங்கள், பிறகு ஒர்க்குரூப்புக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். டைரக்டரியில் மிஞ்சும் கம்ப்யூட்டர் கணக்கைக் கையால் அழிக்க வேண்டும். பழைய டிஸ்க் இமேஜை மீட்டெடுத்ததால் "டிரஸ்ட் உறவு முறிந்தது" என்று வருவது வேறு விஷயம். அதற்கு வெளியே வர வேண்டியதே இல்லை. இமேஜ் எடுத்த பிறகு கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டு மாறியிருக்கும், அவ்வளவுதான். லோக்கல் அட்மினாக நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் விருப்பத்தோடும், கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் உரிமையுள்ள ஒரு டொமைன் கணக்கின் பெயரோடும் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.